நிக்கிற எலிக்காது

தங்கையிடமிருந்து அழைப்பு வந்தபோது அவள் ஒரு காய்ந்த கொடியைத் தாளோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கல்லூரியின் மூன்றாவது மாடியில், பூச்சிக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கும் நீளமான அறை அது. சுவர் நெடுக இரும்பு அலமாரிகள். அவற்றுக்குள் ஆயிரக்கணக்கில் காய்ந்த செடிகள், ஒவ்வொன்றும் ஒரு தாளில், தண்டு நகராதபடி வெள்ளை நூலால் தைக்கப்பட்டு, ஓரத்தில் ஒரு சீட்டோடு. செடியின் அறிவியல் பெயர், பறித்த இடம், தேதி, பறித்தவர், கடைசி வரியில் வட்டாரப் பெயர். தைப்பதும் சீட்டு எழுதுவதும் அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. இருந்தும் குடும்பத்தில் அவளுக்குப் ‘புல்லு டாக்டர்’ என்று பட்டம்.

கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் சொந்தத்தில் யாருக்காவது கையில் அரிப்பு வந்தாலும், பூந்தொட்டியில் ஏதாவது தானாக முளைத்தாலும், போன் அவளுக்குத்தான் வரும். அவளுக்கும் அது உள்ளூரப் பிடித்திருந்தது.

“அக்கா, அவரை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு” என்றாள் தங்கை. “வயிறு பானை மாதிரி வீங்கிடுச்சு. கண்ணெல்லாம் மஞ்சள்.”

“என்னடி சொல்ற? எப்போலேர்ந்து?”

“மூணு நாளா சாப்பிடலை. வாயுன்னு நெனச்சுட்டோம். டாக்டரம்மா என்ன சாப்பிட்டாரு, என்ன குடிச்சாருன்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டாங்க. எலிக்காது கஷாயம் குடிக்கிறார்னு சொன்னேன்.” தங்கை மூச்சை இழுத்துக்கொண்டாள். “நீதானக்கா குடிக்கலாம்னு சொன்ன?”

ஊசி தாளில் பாதி இறங்கி அப்படியே நின்றது.

சொன்னாள்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால். தங்கை கணவர், அவள் ‘தம்பி’ என்று கூப்பிடுகிறவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர். பதினெட்டு வருடம் இருட்டுக் குழிகளுக்குள் இரும்பு ஏணி ஏறி இறங்கி இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. முட்டி வலிக்கு எலிக்காது இலையைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார்கள், குடிக்கலாமா என்று போன் செய்தார். அன்று அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. “சின்ன இலையா தம்பி? மேல பூனை முடி மாதிரி இருக்கா? அதுதான். குடிங்க, ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். முழுசாக ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டாள்.

இப்போது அவள் மெதுவாக எழுந்து ஆறாவது அலமாரியைத் திறந்தாள். திறக்காமலே தெரியும். ஒருமுறை ஒரு மாணவிக்காக, வட்டாரப் பெயர் என்ற இடத்தில் ‘எலிக்காது’ என்று எழுதியிருந்த தாள்களையெல்லாம் அவள்தான் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். பதினோரு தாள்கள். அதில் இருந்தது ஆறு வெவ்வேறு செடிகள். ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. சின்ன இலையில் நாலு முடி இருந்தால் போதும், பார்க்கிறவனுக்கு எலியின் காது ஞாபகம் வந்துவிடுகிறது. “ஊருக்கு ஊர் எலி இருக்கேம்மா, என்ன பண்றது?” என்று பேராசிரியர் அன்று சிரித்தார். அவளும் சிரித்தாள். எல்லாம் தெரிந்துதான் போனில் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

தாள்களை அப்படியே போட்டுவிட்டு, பையில் கைக்கண்ணாடியை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் தங்கை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் தம்பி அரைத் தூக்கத்தில் கிடந்தார். சட்டைப் பொத்தான்கள் பூட்ட முடியாமல் திறந்திருந்தன. கைகால் குச்சி, வயிறு மட்டும் வேறு யாருடையதோ போல.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தூங்கி ரொம்ப நேரமான கண்கள். வராந்தாவுக்குக் கூட்டிவந்து சொன்னாள்: “ஈரல்லேர்ந்து ரத்தம் வெளிய போற சின்னக் குழாயெல்லாம் அடைச்சிருக்கிற மாதிரி தெரியுது. இதுக்குப் பத்துக் காரணம் இருக்கலாம். சில செடிகளும் இதைச் செய்யும். எந்தச் செடின்னு தெரியலைன்னா, நாளைக்குக் காலையில ஊசி விட்டு ஈரல்லேர்ந்து துளி சதை எடுத்துப் பார்க்கணும்.”

“எடுத்துடுங்களேன் டாக்டர்.”

“அவருக்கு ரத்தம் உறைய மாட்டேங்குது. ஊசி போன இடத்துல உள்ளுக்குள்ள கசிய ஆரம்பிச்சா நிறுத்த முடியும்னு என்னால சொல்ல முடியாது.”

“எலிக்காதுன்னு…”

“அந்தப் பேரைத் தேடிப் பார்த்துட்டேன். ஒவ்வொருத்தர் ஒவ்வொரு செடியைக் காட்டுறாங்க. எனக்குப் பேர் வேண்டாம்மா. செடி வேணும்.”

தங்கை சுவரில் சாய்ந்து நின்றாள். “சக்கையெல்லாம் நேத்தே குப்பை வண்டியில போயிடுச்சு. காய்ச்சின பாத்திரத்தைக்கூடத் தேய்ச்சுக் கவுத்துட்டேன்” என்றாள். பிறகு, “எவ்வளவு சுத்தம் பாரு நான்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“எங்கேர்ந்துடி பறிச்சாரு?”

“ரயில் பாதை ஓரம். எங்க கட்டடத்துக்குப் பின்னால.”

அவள் ஓடினாள். ஐம்பது வயதில், செருப்பு வார் அறுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது மதியம் ஆகிவிட்டது. கட்டடத்தின் பின்பக்கம் திரும்பும் முன்பே அந்தச் சத்தம் கேட்டது. தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு மூன்று பேர் ரயில் சுவரோரமாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரை மொட்டையடித்துக் கிடந்தது. சுவரெல்லாம் பச்சைச் சாந்து தெறித்திருந்தது.

“அண்ணே! அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க!”

முன்னால் இருந்தவர் இயந்திரத்தை நிறுத்தி, முகத்தை மூடியிருந்த துணியை இறக்கினார். “என்னம்மா தொலைச்சீங்க? சங்கிலியா?”

“செடி.”

“செடியா?” அவர் பின்னால் திரும்பி அந்தக் குவியலைப் பார்த்தார். “அள்ளிட்டுப் போங்க, யார் வேண்டாம்னாங்க?”

அவள் அழுதுவிட்டாள். வீட்டு மனிதர்கள் முன்னால்கூட அழாதவள், முன்பின் தெரியாத புல் வெட்டுகிறவர் முன்னால் நின்று, மாப்பிள்ளை சாகக் கிடக்கிறார், அவர் குடித்த செடி எதுவென்று காட்ட வேண்டும் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, “அந்தச் சாக்கடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நாங்க இன்னும் கை வைக்கலை. வாங்க” என்று கூட்டிக்கொண்டு போனார். மற்ற இருவரும் நிழலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

பாலத்துக்கு அப்பால் சரளைக் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்குக் காடு மண்டியிருந்தது. மண்டி போட்டுத் தேடினாள். சின்ன இலை, முடி உள்ளது. ஒன்று தரையோடு படர்ந்திருந்தது. ஒன்றின் இலையைத் தடவினால் வெல்வெட்டு. ஒன்று விரலில் சுருக்கென்று குத்தியது. இன்னொன்றில் முடி பிசுபிசுத்தது. நான்கையும் வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றினாள். இவற்றில் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். வெட்டிச் சாந்தாகிப் போன குவியலுக்குள் அது கிடக்கலாம்.

மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தம்பி கண் திறந்திருந்தார். அவள் நான்கு செடிகளையும் போர்வை மேல் பரப்பினாள்.

“தம்பி, நல்லாப் பாருங்க. இதுல எதைப் பறிச்சீங்க?”

அவர் பார்க்கவில்லை, தொட்டார். இருட்டுக் குழிக்குள் திருகாணியைத் தடவியே அளவு சொல்கிற விரல்கள் அவை. வெல்வெட்டு இலையைத் தள்ளினார். பிசுபிசுப்பைத் தள்ளினார். தரையில் படர்கிறதைத் தொட்டதும் விரல் நின்றது.

“இதுதான்க்கா. இதான் பறிச்சேன்.”

அவள் கைக்கண்ணாடியை எடுத்து இலையைப் பார்த்தாள், கணுவைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். அவள் தைத்த ஆறு எலிக்காதுகளில் இது ஒன்று. சில ஊர்களில் கீரையாகவே சமைத்துச் சாப்பிடுகிற சாதுவான செடி. இதனால் இப்படி ஆகாது. அப்படியானால் அன்று போனில் அவள் சொன்னது சரிதான்.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதே கணம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எதிரே மனிதர் வயிறு வீங்கிக் கிடக்கிறார், இவளுக்கு ‘நான் தப்பிச்சேன்’ என்று இருக்கிறது. இந்தச் செடி இல்லையென்றால் நாளைக் காலையில் ஊசி. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

“இதையேதான் ரெண்டு மாசமும் குடிச்சீங்களா?”

“பத்து நாள் நான் பறிச்சேன். அப்புறம் முட்டி விடலை, இறங்க முடியலை.” அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். “கீழ் வீட்டுத் தையல்காரம்மா கொண்டுவந்து தந்தாங்க.”

அவள் தங்கை பக்கம் திரும்பினாள். “நீ பார்க்கலையா?”

“நறுக்கிதான்க்கா தருவாங்க, டப்பாவுல போட்டு. நான் காய்ச்சுவேன்.” தங்கையின் முகம் வெளுத்தது. “எலிக்காதுன்னுதான் சொன்னாங்க. அதே ரயில் பாதை ஓரம் பறிச்சதுன்னு நெனச்சேன். நான் என்ன கண்டேன்? எலிக்காதுன்னாங்க, காய்ச்சினேன்.”

தையல்காரம்மா தரைத்தளத்தில் முன்னறையையே கடையாக வைத்திருந்தாள். மெஷின், துணி மூட்டைகள், சுவரில் தொங்கும் பாதி தைத்த ரவிக்கைகள். ஜன்னல் கம்பியில் ஒரு கட்டுச் செடி தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றே அவள் அதைப் பார்த்துவிட்டாள். இலை சிறியது, சாம்பல் பூத்தது போல் முடி. ஆனால் தண்டு நிமிர்ந்திருந்தது. நுனியில் வெள்ளைப் பூக்கள் ஒரே பக்கமாக வரிசையாக, தேளின் கொடுக்கு மாதிரி சுருண்டிருந்தன.

“இது என்னக்கா?” என்று கேட்டாள்.

“எலிக்காதும்மா. உங்க மாப்பிள்ளைக்குக்கூட இதான்.”

“எலிக்காது தரையில படருமே.”

“அது படர்ற எலிக்காது. அது தீர்ந்துபோச்சு. இது நிக்கிற எலிக்காது. எங்க பக்கம் ரெண்டுக்கும் ஒரே பேர்தான். எதுக்குக் கேக்கற? அவருக்கு இப்போ தேவலையா?”

அவள் கட்டை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். தேள்கொடுக்கு வகையில் சின்ன இலைச் சாதி. இதை எத்தனை தடவை தைத்திருப்பாள்? இதன் தாள் உறையில் பேராசிரியர் சிவப்பு மையில் ‘ஈரல்’ என்று ஒரே சொல் எழுதி வைத்திருக்கிறார். இருந்தும் பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். அவள் விவரம் சொல்லச் சொல்ல, “முடி இருக்கா? பூ ஒரே பக்கம் சுருண்டிருக்கா? அதேதான்மா, சந்தேகமே இல்லை. டாக்டர் நம்பரைக் கொடு, நான் பேசிடறேன்” என்றார்.

“இல்ல சார். நீங்க நேர்ல வாங்க. பார்க்காம சொல்லாதீங்க.”

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. “ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்” என்றார்.

தையல்காரம்மா இதற்குள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிட்டாள். மெஷின் சக்கரத்தைப் பிடித்தபடி எழுந்தாள். “நான் விஷம் கொடுத்தேன்னு சொல்றியா? காசா வாங்கினேன்? மனுஷன் வலியில துடிக்கிறாரேன்னு கொடுத்தேன். எங்க அம்மா வாயில கேட்ட பேரு அது!”

“நீங்க வேணும்னு கொடுத்தீங்கன்னு யாருக்கா சொன்னா? வேற யாருக்காவது கொடுத்தீங்களா, அதை மட்டும் சொல்லுங்க.”

தையல்காரம்மாவின் கை தானாக வாய்க்குப் போனது. கண்கள் உள்ளறை வாசல் பக்கம் திரும்பின.

உள்ளே மருமகள் படுத்திருந்தாள். எட்டு மாதம். கட்டிலுக்குக் கீழே இரண்டு பாதங்களும் வீங்கித் தொங்கின. “கால் வீக்கத்துக்கு நல்லதுன்னு… ஒரு மாசமா… காலையில ஒரு டம்ளர்…” தையல்காரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தாள். “ஐயோ, என் கையாலயே ஊத்திக் கொடுத்தேனே! ரெண்டு உசிரும்மா அது!”

தம்பியை நினைத்து ஓடியது ஒரு பக்கம். இது வேறு. பிறக்காத குழந்தை. அவள் கட்டிலோரம் போய் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள், மஞ்சள் இல்லை.

“உண்மையைச் சொல்லும்மா. எத்தனை நாள் குடிச்ச? வயித்துல வலி இருக்கா?”

மருமகள் மாமியாரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு மிகச் சின்னக் குரலில் சொன்னாள். “குடிக்கலை.”

“என்னது?”

“முதல் நாள் ஒரு வாய் குடிச்சேன். குமட்டிடுச்சு. அப்புறம் தினமும் பாத்ரூம்ல ஊத்திட்டு டம்ளரைக் கழுவிக் கொடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க அத்தை.”

தையல்காரம்மா தவழ்ந்தே வந்தாள். அறைந்துவிடுவாளோ என்று மருமகள் தலையைச் சாய்த்தாள். அவளோ அந்த வீங்கின பாதங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “என் ராசாத்தி, பொய் சொன்னியே, நல்லா இருப்படி, பொய் சொன்னியே” என்று விம்மினாள்.

இருந்தாலும் கால் வீக்கத்தைச் சும்மா விடக்கூடாது, இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் செடிக்கட்டோடு கிளம்பினாள்.

பேராசிரியர் கட்டிலருகே நின்றபடியே கைக்கண்ணாடியில் பூவைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். பிறகு ஒரு தாளில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டரம்மாவிடம் கொடுத்தார். மறுநாள் ஊசி வேண்டாம் என்று முடிவானது. தங்கை முதன்முறையாக மூச்சு விட்டாள். ஆனால் டாக்டரம்மா முகம் மாறவில்லை.

“இதுக்குன்னு தனி மருந்து கிடையாதும்மா. செடியை நிறுத்தியாச்சு. வயித்துத் தண்ணியை எடுப்போம். அடைப்புக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்போம். ஈரல் தானா மீளணும். மீளுமான்னு கேட்டா எனக்குத் தெரியாது.”

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் அவளால் பின்னால் வரிசையாகச் சொல்ல முடிந்ததே இல்லை. மூன்று முறை வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். எடுக்க எடுக்க ஊறியது. ஐந்தாம் நாள் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. மனைவியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, “பட்டனை அமுக்காதே! குழியில ஆள் இருக்கு! ஆள் இருக்குடா!” என்று கத்தினார். தங்கை அதைக் கேட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்து சொன்னாள்:

“நீ சொன்ன செடி வேறயாம், அது நல்ல செடிதானாம். உங்க சார் சொன்னார்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“ஆனா நீ பார்க்காமதானே சொன்ன?”

“ஆமாடி. பார்க்காமதான் சொன்னேன்.”

“நானும் பார்க்காமதான் காய்ச்சினேன்” என்றாள் தங்கை. திரும்பி உள்ளே போய்விட்டாள். அதன்பின் இருவரும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தார்கள். மாத்திரை நேரம், துணி மாற்றுவது, இதைத் தவிர ஒரு பேச்சு இல்லை.

பத்தாம் நாள் காலையில் நர்ஸ் அம்மா சிறுநீர் சேரும் பையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, நேத்தைவிட ரெண்டு மடங்கு” என்றாள். வீட்டில் பிள்ளை பரீட்சையில் தேறினால்கூடத் தங்கை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள், அந்தப் பையைப் பார்த்த மாதிரி. மறுநாள் வயிறு ஒரு விரல் அளவு இறங்கியது. அதற்கடுத்த நாள் அவர் மனைவியை அடையாளம் கண்டு, முகம் ஏன் இப்படிக் கறுத்துப்போச்சு என்று கேட்டார். இனிமேல் குழிக்குள் இறங்க முடியாது, பளுவும் தூக்கக் கூடாது, ஈரல் பழையபடி ஆகுமா என்பதை ஒரு வருடம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள் டாக்டரம்மா. ஆள் பிழைத்தார்.

தையல்காரம்மா தினமும் சாயங்காலம் வந்தாள். வார்டு கதவுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நிற்பாள். உள்ளே வர மாட்டாள், யாரிடமும் எதுவும் கேட்கவும் மாட்டாள். பார்வை நேரம் முடிந்ததும் போய்விடுவாள். தங்கை அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவர் எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்த அன்றும் தையல்காரம்மா வந்து நின்றாள். அக்காக்காரி வெளியே போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வேணாம்மா, வேணாம்மா” என்று தையல்காரம்மா பின்வாங்கினாள். இருந்தும் விடாமல் கட்டிலருகே கூட்டிவந்து நிறுத்தினாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மருமக எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“வீக்கம் வடிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியிலதான் பார்க்கறோம். பிரசவம் அடுத்த வாரம்னு சொல்லியிருக்காங்க.” முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். தங்கை கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து எழுந்து, அதைக் காலால் தையல்காரம்மா பக்கம் தள்ளினாள்.

“உக்காருங்க” என்றாள்.